திறந்து வைத்த கண்கள்

தங்கமணியின் வலக்கண்ணில் ஓர் ஈ உட்கார்ந்தது. அவள் இமைக்கவில்லை.

ஸ்டூடியோவில் படம் பிடிக்க ஆட்களை உட்கார வைக்கும் அதே நாற்காலியில்தான் பாலன் தன் மனைவியை உட்கார வைத்திருந்தான். கல்யாணமாகிப் பதினொரு நாள். தாலிக்கயிற்றின் மஞ்சள் கழுத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. ஈ கண்விளிம்பின் ஈரத்தில் சற்று நேரம் நடந்து, பிறகு கருவிழியின்மேல் ஏறி நின்றது. அங்கே வேலை பார்க்கும் மகதலேனா கைக்குட்டையால் விரட்டினாள். துணி கண்ணில் உரசியது. அப்போதும் இமை அசையவில்லை.

"தூங்கி எட்டு நாளாச்சுக்கா," என்றான் பாலன். போர்ட் சுவெட்டன்ஹாமில் கிராணி, கணக்கு எழுதுபவன். காலை ரயிலில் கிள்ளானிலிருந்து அவளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்திருந்தான். "டாக்டர் சொட்டு மருந்து குடுத்தாரு. தாயத்தும் கட்டியாச்சு. ஒண்ணும் கேக்கல."

"எப்ப ஆரம்பிச்சது?"

"கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாள், சாயங்காலம். அரிசி புடைச்சிக்கிட்டு இருந்தவ முறத்தைக் கீழ போட்டுட்டா. யாரோ கண்ணுல ஊசியால எழுதுறாங்கன்னு சொன்னா."

மூன்றாம் நாள் சாயங்காலம். மகதலேனா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

அது அவள் தனியாகப் பிடித்த முதல் கல்யாணம். முதலாளி நாகையாவுக்குக் காய்ச்சல் என்பதால் காமிராவையும் படம் பதியும் இரண்டு கண்ணாடித் தட்டுகளையும் கொடுத்து அவளை அனுப்பியிருந்தார். முதல் தட்டில், ஓமப்புகை கரித்து, பெண் கண்ணை மூடிவிட்டாள். இரண்டாவதில் மகதலேனா மூடியை அவசரமாக உருவ, வெயில் புகுந்து தட்டு முழுதும் பாழானது. கண்மூடிய கல்யாணப் படத்தை யாரும் சுவரில் மாட்டமாட்டார்கள். அது சாவுப் படம் என்பார்கள்.

சாவுப் படங்களில்தான் அவள் தொழில் கற்றிருந்தாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் யாராவது இறந்தால், ஊரிலிருக்கும் சொந்தங்களுக்குக் கப்பலில் அனுப்ப, உடலை நாற்காலியில் சாய்த்துப் படம் பிடிப்பார் நாகையா. தட்டில் மூடியிருக்கும் இமைகளின்மேல் கண் வரைவது அவள் வேலை. தட்டில் எல்லாம் தலைகீழ். பென்சில் ஏற்றிய இடம் அச்சில் வெள்ளையாகும். கத்தியால் சுரண்டிய இடம் கறுப்பாகும். வெண்விழிக்குப் பென்சில், கருவிழிக்குக் கத்தி.

"இது போனவங்களுக்கு மட்டும், லேனா," என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். "உசுரோட இருக்கிறவங்க கண்ண மூடினா மறுபடி எடுக்கணும். பென்சில் டச்சிங்ல திறக்கக் கூடாது."

"ஏன் முதலாளி?"

"செத்தவங்க புகார் சொல்ல வரமாட்டாங்கல்ல," என்று சிரித்தார்.

பாழான தட்டைப் பற்றிச் சொன்னால் வேலை போய்விடும் என்று அவள் பயந்தாள். அதனால் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், முதல் தட்டில், தங்கமணிக்குக் கண் வரைந்து திறந்தாள். நடந்தது தெரியாத நாகையா நல்ல படம் என்று மெச்சி, தட்டு நீடித்து நிற்க வார்னிஷ் பூசி வைத்தார்.

பாலன் பையிலிருந்து படத்தை எடுத்து மனைவியின் முகத்தருகே பிடித்தான். "இதப் பாருங்கக்கா."

படத்தில் இடக்கண்ணின் கருவிழி ஒரு நெல்லளவு கீழே இருந்தது. அது அவள் கத்தி நழுவிய இடம். நாற்காலியில் இருந்தவளின் இடக்கருவிழியும் ஒரு நெல்லளவு கீழே இருந்தது. கல்யாணத்தன்று அப்படி இல்லை.

"ஸ்டூடியோக்காரங்க கண்ணு வச்சிட்டாங்கன்னு எங்கம்மா திட்டுறாங்க," என்றான் பாலன். சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "அன்னிக்குப் புகையில இவ கண்ண மூடினது எனக்குத் தெரியும்க்கா. இந்தக் கண்ண எப்படிப் போட்டீங்களோ, அப்படியே மூடிருங்க. படம் போனாப் போவுது."

"அக்கா," என்றாள் தங்கமணி. உதடு வெடித்திருந்தது. "தூங்கணும்."

நாகையா செந்தூலுக்கு ஒரு சாவுப் படத்துக்காகப் போயிருந்தார். கேட்க ஆளில்லை. மகதலேனா உள்ளறைக்குப் போய்த் தட்டை எடுத்து ஜன்னலோரச் சாய்மேசையில் வைத்தாள். வெறும் பென்சிலாக இருந்தால் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிடலாம். இப்போது அதன்மேல் வார்னிஷ். கத்திதான். பூச்சோடு சேர்த்துப் பென்சிலை மட்டும் சீவி, சுரண்டிய கருவிழியைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். ஆழம் கூடினால் கீழே வெறும் கண்ணாடி; அதில் பென்சில் ஒட்டாது.

வெளியே ரயில் ஒன்று பெட்டி மாற்றிக்கொண்டிருந்தது. படம் கழுவும் ஹைப்போவின் புளித்த வாடையும் வார்னிஷின் இனிப்பு வாடையும் தொண்டையில் படிந்தன. சிலுவை போட்டுக்கொண்டு கத்தியை வலக்கண்ணில் வைத்தாள்.

ஒரு சீவல். முன்னறையில் வளையல்கள் குலுங்கின.

நிறுத்தினாள். வளையல்களும் நின்றன.

இன்னொரு சீவல். நாற்காலிக் கால் தரையில் இழுபட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று பாலன் சொல்வது கேட்டது.

அவள் வேகமாகச் சீவினாள். வேகமாக முடித்தால் வலி குறையும் என்று நினைத்தாள். வலது முடிந்தது. இடது. கறுப்புத் தூள் மேசையில் உதிர்ந்தது. சுரண்டிய கருவிழிகளில் பென்சில் ஏற்றினாள். வளையல் சத்தம். வளையல் உடையும் சத்தம். பிறகு எதுவும் இல்லை.

"அக்கா," பாலனின் குரல் உடைந்தது. "மூடிட்டா. கண்ண மூடிட்டா. நாற்காலியிலயே சாஞ்சிட்டா."

மகதலேனா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் ரிக்ஷா கூட்டியாறேன். எழுப்பிறாதீங்கக்கா."

அவன் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கி ஓடியது.

ஒரே ஓர் அச்சு எடுத்துப் பார்த்துவிடலாம். சரியாக மூடியிருக்கிறதா என்று மட்டும். ஜன்னலையும் கதவையும் சாத்தினாள். சிவப்பு விளக்கை ஏற்றினாள். தட்டின் கீழ் காகிதம் வைத்து, ஒளி காட்டி, காகிதத்தை டெவலப்பர் கரைசலில் நழுவவிட்டாள்.

வெள்ளைக் காகிதத்தில் முதலில் வந்தவை கண்கள்.

முகம் வரவில்லை. மாலை வரவில்லை. இரண்டு கறுப்புப் பள்ளங்கள் மட்டும், சுற்றிலும் கத்தியின் கீறல்களோடு. அவள் இமையைத் தாண்டியிருந்தாள். கண்ணாடிவரை போயிருந்தாள்.

மெதுவாகக் கன்னம் வந்தது. மூக்கு. வாய்.

முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது.

காலடிகள். சுவரில் உள்ளங்கை தேய்ந்துவரும் ஓசை. உடைந்த வளையல்கள் மிதிபட்டன. கை கதவைக் கண்டுபிடித்தது.

"திறக்காத, தங்கமணி. வெளிச்சம் படக் கூடாது. படம் கறுத்துரும்."

"வெளிச்சமா?" என்றாள் வெளியே இருந்தவள். "எங்க இருக்குக்கா?"

கதவு திறந்தது.

பகல் முழுதும் உள்ளே விழுந்தது. தங்கமணி வாசலில் நின்றாள். இமைகள் மூடியிருந்தன. உள்ளே தாங்க ஒன்றுமில்லாமல், இரண்டும் குழிந்து உள்பக்கமாக ஒட்டியிருந்தன. உதடு சிரித்தது.

"இப்ப நல்லாத் தூக்கம் வருதுக்கா."

மகதலேனாவின் கைகளுக்குக் கீழே காகிதம் கறுக்கத் தொடங்கியது. நெற்றி. கன்னம். அவளால் கையை அசைக்க முடியவில்லை.

தங்கமணி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டாள். சிரிப்பு நின்றது.

காகிதத்தில் மூக்கு மறைந்தது.

தங்கமணியின் விரல்கள் தன் முகத்தில் அவசரமாகக் கீழே இறங்கின. வாயைத் தேடின.