எறும்பு ஏறிய தலையணை

"டாக்டர்...! ராமலிங்கத்துக்கு மூச்சு நிக்குது...!"

நர்ஸ் மரிய புஷ்பத்தின் அலறலில் அரியலூர் ஆஸ்பத்திரி அதிர்ந்தது. 1946. காலைக் கஞ்சி நேரம்.

ஓடி வந்த டாக்டர் அருளானந்தம் நோயாளியின் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது!

"மார்பியா...! யார் குடுத்தது?"

"நான் ஆஸ்பிரின் மட்டும்தான் குடுத்தேன் டாக்டர்!"

ராமலிங்கத்துக்குத் தசை தளரும் நோய். முந்தாநாள் குடலிறக்க ஆபரேஷன். மார்பியா மற்றவர்களுக்கு வலியைப் போக்கும். அவனுக்கோ மூச்சையே போக்கிவிடும்!

டாக்டர் மூச்சைத் தூண்டும் ஓர் ஊசி போட்டார். அவன் கைகளைத் தூக்கித் தாழ்த்தி மூச்சு ஊட்டினார்.

பூட்ஸ் சத்தம்!

சப்-இன்ஸ்பெக்டர் இளையபெருமாள். வாசலிலேயே எல்லாம் கேட்டுவிட்டார். ராமலிங்கத்தின் மனைவிக்கு அண்ணன். போன வாரம் பாடாலூரில் கள்ள அபின் பிடித்துப் பெயர் வாங்கியவர்.

"மார்பியா அலமாரி சாவி யார்கிட்ட?"

"எங்கிட்டதான் சார்."

"நேத்து மாப்ள உன்னைத் திட்டினாராமே?"

"வலியில எல்லாரும்தான் திட்டுறாங்க. அதுக்குக் கொன்னா வார்டுல ஆளே மிஞ்சாது சார்!"

"வாய் நீளுது...! பக்கத்துக் கட்டில் கவுஸுக்கு மார்பியா. சுகமா குறட்டை விடுறான். என் மாப்ளைக்கு மட்டும் ஆஸ்பிரின். நேத்து பூரா துடிச்சாரு!"

"அலமாரியில மார்பியா ஒண்ணுகூடக் குறையலை, காலையிலதான் எண்ணினேன்," என்றார் டாக்டர், மூச்சிரைத்தபடி.

"அப்ப வெளியில வாங்கியிருக்கா! கையை நீட்டும்மா!"

விலங்கு மின்னியது. மாட்டினால் வேலை போகும். ராமலிங்கம் செத்தால் தூக்குக் கயிறு...!

புஷ்பத்தின் பார்வை தலையணையில் நின்றது. கறுப்பாய் ஒரு வரிசை...

எறும்புகள்!

"டாக்டர்... இவருக்கு உப்புக் கஞ்சி மட்டும்தானே? இனிப்பு ஏது?"

தலையணையைத் தூக்கினாள். பாதி கடித்த எள்ளுருண்டை!

டாக்டர் முகர்ந்தார். முகம் மாறியது.

"அபின்...! மார்பியாவையே இதுலேருந்துதான் எடுக்குறாங்க!"

இளையபெருமாளுக்கு வியர்த்தது.

"அபின்... வேற மருந்துங்களே டாக்டர்...?"

கட்டிலில் மூச்சு திரும்பிய ராமலிங்கத்தின் இமைகள் மெல்லத் திறந்தன.

"மச்சான்..." குரல் குழறியது. "நேத்து ராத்திரி நீங்க குடுத்த உருண்டை... தின்னதும் வலி பறந்துடுச்சு... மிச்சத்தைக் குடுங்க..."

பக்கத்துக் கட்டிலில் கவுஸின் குறட்டை தொடர்ந்தது.

இளையபெருமாள் கையிலிருந்து நழுவி விழுந்த விலங்கைப் புஷ்பம் எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்கங்க சார். வலிச்சா சொல்லுங்க... ஆஸ்பிரின் தரேன்!"