அனுமதி கேட்க வந்தவர்

“அந்த ஒரு வரியைச் சேர்க்காம நீ கையெழுத்துப் போடக் கூடாது வெண்டல், சொல்லிட்டேன்...”

“சேர்த்தா அந்த ஆளு எந்திரிச்சுப் போயிடுவான்க்கா, அப்புறம் நாம...”

“போகட்டும்.”

“போகட்டுமா? தலைக்கு மேல புதுக் கூரை இருக்கே, அது எப்படி வந்துச்சு? என் இடுப்பெலும்பை மாத்தினாங்களே, அது...”

“உன் இடுப்பைப் பத்தி யாரு பேசினா? நான் பாதையைப் பத்திப் பேசறேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான். உனக்குத்தான் புரிய மாட்டேங்குது.”

“எனக்குப் புரியலையாம். உனக்கு இடுப்புத்துணி மாத்தினவடா நான்.”

“அறுபத்தஞ்சு வருஷமா இதையே சொல்லிக்கிட்டிரு.”

வேட்டைக் காலம் தொடங்க இரண்டு நாள் இருந்தது. மான்டானாவில் அந்த மலையடிவாரப் பண்ணையில் நானும் தம்பியும் மட்டும்தான். சமையலறை மேஜையில், எங்கள் இரண்டு காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே, ராஸ் பிக்கர்டு வைத்துவிட்டுப் போன ஐந்து வருடக் குத்தகைப் பத்திரம் கிடந்தது. வெளியூர்களிலிருந்து வசதியானவர்களை வரவழைத்து, கூடாரம், குதிரை, சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் கொடுத்து எல்க் மான் வேட்டைக்குக் கூட்டிப்போவது பிக்கர்டின் தொழில். போன வருடம் ஒரே ஒரு வருடத்துக்கு என்று எங்கள் நிலத்தை எடுத்திருந்தார். அந்த ஒரு வருடத்தில் வங்கிக்காரர்கள் எங்கள் வாசலுக்கு வருவது நின்றது. அதை நான் மறுக்க முடியாது.

“பாதை திறந்து கிடந்தப்ப என்ன வாழ்ந்துச்சு?” என்றான் வெண்டல். “கண்டவன் வருவான், கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போவான். மாடு நெடுஞ்சாலைக்குப் போய் நிக்கும். ஒருத்தன் நம்ம கிடாரியையே மான்னு நினைச்சுச் சுட்டான். சுட்டுட்டு, ‘கொம்பு தெரியலையே’ன்னு கேட்டான். பிக்கர்டு ஆளுங்க வந்த பிறகு ஒரு பீர் டப்பா கிடக்குதா சொல்லு. நம்ம ஊரு டுவெய்னுக்கு வேலை குடுத்திருக்கான். வைக்கோலைத் தின்ன வர்ற மான் கூட்டம் குறைஞ்சிருக்கு.”

“எல்லாம் சரி. மாட்டைச் சுட்டது எமில் அண்ணன் இல்லையே.”

அவன் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். அடுப்புக் குழாய்க்குள் காற்று ஊதிக்கொண்டிருந்தது.

எமில் ஸ்வொபோடா எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர். எங்கள் நிலத்துக்குப் பின்னால் இருக்கிற காடு அரசாங்கத்தினுடையது. யார் வேண்டுமானாலும் அங்கே வேட்டையாடலாம். ஆனால் அங்கே போகிற பாதை எங்களுடையது. ஒவ்வொரு வருடமும் முதல் நாளன்று எமில் அண்ணன் சமையலறைப் பின்கதவைத் தட்டுவார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “என்னம்மா லோர்னா, போகலாமா?” என்பார். நாற்பத்தோரு வருடம் கேட்டார். ஒரு தடவைகூட, போன வருஷம் சொன்னதுதானே என்று கேட்காமல் போனதில்லை. மான் கிடைத்தால் அதன் இதயத்தை வெளுத்த மாவுப்பையில் கட்டி, பின்கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். நிலத்துக்காரருக்கு அது பங்கு. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம்.

போன வருடம் அவருக்குக் கதவைத் திறந்தது நான். “இந்த வருஷம் இல்லண்ணே, குத்தகைக்கு விட்டுட்டோம்” என்று சொன்னதும் நான்தான்.

“சரிம்மா” என்றார். அவ்வளவுதான்.

எழுபத்தொன்பது வயதில், வடக்கு முகட்டைச் சுற்றிப் பதினோரு மைல் நடந்து அந்தக் காட்டுக்குப் போனார். நான்கு நாள் கழித்துப் பனியில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். எங்கள் பாதை காட்டைத் தொடுகிற வடக்குக் கேட்டுக்கு வெளியே, சங்கிலி போட்ட கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் புகைபோக்கி தெரியும். ஏறிக் குதித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் எங்கள் அடுப்புக்கு முன்னால் இருந்திருப்பார்.

ஏறவில்லை. அனுமதி இல்லாத நிலத்தில் கால் வைக்கிற மனுஷன் இல்லை அவர்.

எங்கள் சண்டைக்கு மறுநாள் காலை பிக்கர்டு வந்தார். நான் கேட்ட வரியைச் சொன்னேன்: அக்கம்பக்கத்தார் பாதையில் போய்வரலாம்.

“மேடம், என்கிட்ட வர்றவங்க காலியான மலைக்குத்தான் வர்றாங்க” என்றார். குரலில் அலட்சியம் இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். “அங்க வேற ஒரு வேட்டைக்காரரோட ஆரஞ்சு கோட்டு தெரிஞ்சுதுன்னா அடுத்த வருஷம் வேற மலைக்குப் போயிடுவாங்க. அப்புறம் நான் உங்களுக்கு என்ன குடுக்க முடியும்? இந்த நிலத்தை மனை போட்டு விக்கிறவன் வாங்கினா மானும் இருக்காது, பாதையும் இருக்காது. அதையும் யோசிங்க.”

நான் ஜன்னல் வழியாக வடக்கு முகட்டைப் பார்த்தேன்.

“பெரியவருக்கு நடந்தது எனக்கும் உறுத்துது மேடம். ஆனா சாவி கேட்டிருந்தா யாரு மாட்டேன்னிருப்பாங்க?”

“கேட்டாரே” என்றேன்.

வெண்டல் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

வேட்டையின் முதல் நாள், விடிந்து கொஞ்ச நேரத்தில், பின்கதவு ஆணியில் ஒரு மாவுப்பை தொங்கியது.

வெளுத்த துணி, அடியில் ஈரச் சிவப்பு. தொட்டால் சூடு. டுவெய்ன்தான் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். டுவெய்ன் எமில் அண்ணனுடைய தங்கை மகன். மாமாவின் வழக்கம் அவனுக்குத் தெரியும். இப்போது பிக்கர்டிடம் வழிகாட்டி. இதயத்தைக் கழுவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மாவில் புரட்டி, வெங்காயத்தோடு வெண்ணெயில் வறுத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். சண்டைக்குப் பிறகு சேர்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு. வெண்டல் தட்டை ரொட்டியால் துடைத்துவிட்டு, “பார்த்தியா, அவனுங்களும் மரியாதை தெரிஞ்சவனுங்கதான்” என்றான்.

மதியம் டுவெய்ன் தண்ணீர் பிடிக்க வந்தான். ஐம்பது வயது ஆள், முகம் சுண்ணாம்பாக இருந்தது.

“பங்குக்கு நன்றிப்பா” என்றேன்.

“என்ன பங்கு?”

பையைக் காட்டினேன். அவன் அதைத் தொடவில்லை. வாய்க் கயிற்றின் முடிச்சை மட்டும் குனிந்து பார்த்தான்.

“லோர்னாக்கா, காலைல ஒருத்தர் ஆண் மான் அடிச்சாரு. நான்தான் வயித்தைக் கிழிச்சேன். நுரையீரல் முழுசா இருக்கு. ஈரல் இருக்கு. குண்டு பட்டது கழுத்துல.” தன் கைகளைப் பார்த்தான். “உள்ள இதயம் இல்லக்கா.”

“நரி கிரி...”

“நான் கிழிக்கிற வரைக்கும் தோல்ல ஒரு கீறல் இல்ல.”

வெண்டல் எழுந்து பின்பக்கமாகப் போனான். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

டுவெய்ன் வாசலில் நின்று, “அது மாமா போடற முடிச்சு” என்றான். “எனக்கு எத்தனையோ தடவை சொல்லிக் குடுத்தாரு. எனக்கு வரவே வரல.”

அன்று நாங்கள் பிக்கர்டிடம் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்வது?

இரண்டாம் நாள் நான் விடியும் முன்பே எழுந்து பின்கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கதவுக் கண்ணாடியில் பனி பூத்திருந்தது. காலடிச் சத்தம் இல்லை. நாய் குரைக்கவில்லை, அடுப்புக்குக் கீழே முகத்தைப் பாதத்தில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தது. ஈரக் கம்பளி வாடை வந்தது. அதோடு பைன் மரப் பிசின்.

கதவைத் திறந்தேன்.

ஆணியில் பை. அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. படிக்கட்டுப் பனியில் ஒரு தடமும் இல்லை.

“வெண்டல்.”

அவன் காலுறையோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான். பையின் அடியிலிருந்து ஒரு துளி விழுந்து பனியில் குழி போட்டது.

“இன்னும் யாரும் எதையும் சுடலையே” என்று கிசுகிசுத்தான். “இப்பத்தானே வெளிச்சம் வருது.”

அப்படியே நின்றோம்.

பத்து நிமிடம் இருக்கும். மலை மேலிருந்து ஒரு வெடி கேட்டது. ஒன்றே ஒன்று.

வெண்டல் உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: “நாம அதைத் தின்னுட்டோம்க்கா.”

“தெரியாமத் தின்னோம்.”

“பங்கை வாங்கிக்கிட்டா போகச் சொன்னதாத்தானே அர்த்தம்? அப்பா காலத்துலேர்ந்து அதுதானே கணக்கு? பங்கையும் வாங்கிக்கிட்டு, பூட்டையும் போட்டு வெச்சிருக்கோம்.”

“பிக்கர்டைக் கூப்பிடலாமா?”

“கூப்பிட்டு? ‘செத்த மனுஷன் எங்களுக்கு இதயம் குடுக்கறாரு’ன்னு சொல்றதா? பத்திரத்தை ரத்துப் பண்ணிட்டு நம்மளை ஆஸ்பத்திரியில சேர்த்துடுவான்.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. எழுந்து ஆணிப் பலகையிலிருந்து வடக்குக் கேட்டுச் சாவியை எடுத்தான். “ஒரே ஒரு நாள் திறந்து வெச்சிட்டு வரேன். அந்த ஆளுக்கு என்ன தெரியப்போகுது.”

“கையெழுத்துப் போட்டது?”

“போட்டது போட்டதுதான். நிலம் போயிடுச்சுன்னா நீ எங்க போவ? வாடகைக்கு ஒரு ரூம் எடுத்து, ஜன்னல்ல பார்க்கிங் இடத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பியா? உனக்காகத்தான்க்கா போட்டேன். ஆனா எமில் அண்ணன் வெளியிலயே நிக்கக் கூடாது.”

“நானும் வரேன்.”

“நீ வந்தா வழி பூரா பேசிக்கிட்டே வருவ. உருளைக்கிழங்கு வேகவை. சாப்பாட்டுக்கு வந்துடுவேன்.”

அவன் கோட்டுப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தான். நான் சரிசெய்துவிட்டேன். அதற்கும் ஏதோ முணுமுணுத்தான். பிக்கப் வண்டி கொட்டகையைத் தாண்டி மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி விழத் தொடங்கியிருந்தது.

அந்தப் பையை நான் தொடவில்லை. ஒன்பது மணிக்குப் பார்த்தபோதும் அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

கேட்டுக்குப் போக இருபது நிமிடம். பூட்டைத் திறக்க ஒரு நிமிடம்.

பத்து மணி ஆனது.

பதினொன்று ஆனது. பிக்கர்டு ஆட்கள் வீட்டில் வைத்திருந்த வாக்கி-டாக்கியில் டுவெய்னைக் கூப்பிட்டேன்.

“வண்டி கேட்டுல நிக்குதுக்கா” என்றான். இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் மெலிந்து வந்தது. “என்ஜின் ஓடிக்கிட்டிருக்கு. கதவு திறந்திருக்கு.”

“பூட்டு?”

“திறந்திருக்கு. சங்கிலியைக் கழட்டி அழகாச் சுருட்டிக் கம்பத்துல மாட்டியிருக்கு. கேட்டு விரியத் திறந்திருக்கு.”

“வெண்டல் எங்கப்பா?”

இரைச்சல்.

“டுவெய்ன், என் தம்பி எங்க?”

“கேட்டு வரைக்கும் ஒருத்தர் தடம் இருக்குக்கா.” அவன் பனியை மிதித்து நடக்கும் சத்தம் கேட்டது. “கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. பனி சுத்தமா இருக்கு. பிக்கர்டையும் ஆளுங்களையும் வரச் சொல்லியிருக்கேன். கண்டுபிடிச்சுடலாம். நீங்க வீட்டை விட்டு வெளிய வராதீங்க. வெண்டல் குறுக்கால இறங்கி அங்க வந்தாலும் வருவாரு.”

உருளைக்கிழங்கு வெந்து குழைந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன். இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். ஒன்றைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைக்கப் போய், மறுபடியும் மேஜையிலேயே வைத்தேன். வெளியே நண்பகல்தான், ஆனால் பனிமூட்டத்தில் கொட்டகைகூடத் தெரியவில்லை. மலையில் ஆட்கள் வெண்டலின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவ்வப்போது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

நாய் எழுந்தது. வாலை மெதுவாக, ஒரே ஒரு தடவை ஆட்டியது. தெரிந்தவர்களுக்கு மட்டும் அப்படி ஆட்டும்.

பின்கதவைத் தட்டினார்கள்.

மூன்று தட்டு. கையுறையைக் கழற்றிவிட்டு, விரல் முட்டியால், மெல்ல.

“வெண்டல்?” என்றேன்.

கம்பளி வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. பனி பூத்த கண்ணாடிக்கு அப்பால் ஒரு கறுப்பு உருவம், தொப்பியைத் தலையிலிருந்து எடுத்தது.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். இரும்பு சுட்டது, அவ்வளவு குளிர். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பத்தோரு வருடம் சொன்ன ஒரு வார்த்தை. போன வருடம் சொன்ன இன்னொரு வார்த்தை. சரி என்று சொன்னால் தம்பியை அனுப்பிவைத்தவள் நான் ஆவேனா? இல்லை என்று சொன்னால் அவனைத் திருப்பிக் கொடுப்பார்களா, அல்லது பதினோரு மைல் சுற்றிப் போவார்களா?

வெளியே காத்திருந்தார்கள். பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

பிறகு அந்தக் குரல், எப்போதும் போலத் தணிந்து, மரியாதையாகக் கேட்டது:

“என்னம்மா லோர்னா, இந்த வருஷம் நாங்க ரெண்டு பேரு. போகலாமா?”