நானூற்றுப் பன்னிரண்டு சவாரி

அவள் கண் முன்னாலேயே அந்த மனிதன் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தான்.

நிஜத் தண்ணீர் இல்லை... அவள் நிறுவனம் கணினிக்குள் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஊரின் ஆறு. அந்த ஊரில் கதவு திறப்பது, ஊஞ்சல் ஆடுவது, படகு போவது எல்லாமே அவள் எழுதும் நிரலால்தான். அவள் எழுதாமல் அங்கே ஓர் இலைகூட அசையாது. அலுவலகத்தில் அவளுக்கு 'மில்லிமீட்டர்' என்று பட்டப்பெயர். ஆறு வருஷத்தில் எந்தப் பொருளும் இம்மி பிசகி நின்றதில்லை என்ற கர்வம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, படகு எப்படிப் போகிறதென்று பார்க்கத்தான் திரையில் தன் உருவத்தை ஆற்றங்கரையில் கொண்டுவந்து நிறுத்தினாள். படகு அழகாக வேகம் குறைந்து துறையை நெருங்கியது. அதில் வேறு யாரோ இயக்கிய சாம்பல் நிற உருவம் எழுந்து, காலை எடுத்து வைத்தது. படகுக்கும் துறைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி... ஆள் தண்ணீரில்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஹெட்போனில் ஓர் ஆண்குரல் கேட்டது.

"சிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க. ஏறி வரேன்."

நல்ல குரல்... கோபப்படத் தெரியாத குரல். விசாரித்தால், அந்தப் படகுத்துறையைக் கட்டியவனே அவன்தானாம். வீடு, பாலம், துறை என்று வடிவங்களைச் செய்யும் குழு எதிர்க் கட்டடத்தில் இருந்தது. ஒரே நிறுவனம்தான், ஆனாலும் இந்தக் கட்டடத்து ஆட்களும் அந்தக் கட்டடத்து ஆட்களும் முகம் பார்த்துக்கொண்டதில்லை.

துறையை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டீர்கள் என்று அவள் குற்றம் சாட்டினாள்.

"துறைக்குக் கால் இருக்கு, ஆனா நடக்காதுங்க. நடமாடுறது உங்க படகுதான்."

என் படகையா... அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. வார்த்தைக்கு வார்த்தை மல்லுக்கட்டினாள். அவனும் சளைக்கவில்லை. இடைவேளை முடிந்தது இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஒரு சண்டை இப்படி இனிக்குமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வீம்பு சும்மா விடுமா? சாயங்காலமே அறிக்கையில் எழுதிவிட்டாள்: துறையின் இடம் தவறு.

மறுநாள் கூட்டத்தில் எதிர்க் கட்டடத்துக்காரர்கள் வழக்கம்போலக் குரலாக மட்டும் வந்தார்கள். மேலாளர் அம்மா அறிக்கையைப் படித்துவிட்டு அவனிடம் விளக்கம் கேட்டார். இப்போது அவனிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் சொன்னது ஒரே வரி... சரி பண்ணிவிடுகிறேன். அவ்வளவுதான். துறையையே சரியாகப் போடத் தெரியாதவருக்கு ஆறு எதற்கு என்று சொல்லி, திங்கட்கிழமையிலிருந்து அவனை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார் மேலாளர். அதற்கும் சரி என்றான் அவன்.

ஜெயித்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெயித்த மூஞ்சி மாதிரி தெரியலையே என்று வீட்டில் அண்ணி வேறு கிண்டல் பண்ணினாள். அவ்வளவு வாய் பேசியவன் ஏன் வாயை மூடிக்கொண்டான்?

காலையில் முதல் வேலையாகப் படகின் பதிவேட்டைத் திறந்தாள். தன் நிரலையும் வரிவரியாகப் படித்தாள். துறைக்குப் போ என்று அவள் படகுக்கு எழுதவில்லை. இருக்கும் இடத்திலிருந்து இத்தனை அடி போ, அதே அளவு திரும்பு என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு தடவை போய்வரும்போதும் கணக்கில் ஒரே ஒரு மில்லிமீட்டர் விட்டுப்போனது. பத்து தடவை போனால் யார் கண்ணிலும் படாது. படகு போய்வந்தது நானூற்றுப் பன்னிரண்டு தடவை.

வேலை வெட்டி இல்லாமல் இத்தனை தடவை ஏறியது யார்? பதிவேட்டில் ஒரே ஆள்தான். படகுத்துறைக்காரன்... ஒரு மாதமாக, தினமும், மதிய இடைவேளை முழுக்க.

அவளுக்குக் காது மடல் சூடானது.

மேலாளர் அறைக்குள் போய், தப்பு என்னோடது என்று சொல்வதற்குள் கர்வம் குறுக்கே வந்து நின்றது. ஆனாலும் சொல்லிவிட்டாள். மேலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். மாற்றல் உத்தரவைக் கிழித்தார். அவனிடம் சொல்லியனுப்பப் போனவரை, நானே போய்ச் சொல்கிறேன் என்று அவள் தடுத்தாள்.

வெளியே மழை. குடை எடுக்கத் தோன்றவில்லை. எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலோர மேஜையில், சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். எந்த உருவத்திலும் செய்து வைக்க முடியாத கண்கள்... பார்த்ததும் அவளுக்குப் பேச வந்தது பாதி மறந்துபோனது.

"மாற்றல் ரத்தாயிடுச்சு. தப்பு என் படகுதான். உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

"ரெண்டாவது வாரமே தெரியும்."

"தெரிஞ்சுமா தண்ணியில விழுந்தீங்க?"

"அன்னிக்குக் கரையில நீங்க நின்னீங்க. படகை எழுதினது இவங்கதானோன்னு பார்த்துட்டு இருந்தேன், இடைவெளியைப் பார்க்கலை."

ஈரக் கூந்தலிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ கூட்டத்துல ஏன் சொல்லலை?"

அவன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான்.

"சொன்னா படகை வேற யாருக்காவது குடுத்து எழுதச் சொல்லுவாங்க. கரைக்கு வர்றப்போ அது கொஞ்சம் தயங்கும், பார்த்திருக்கீங்களா... இறங்கப்போறவங்களுக்காக ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சு எழுதியிருக்காங்க. அந்த மனசு யாரோடதுன்னு தெரியணும்னுதான் தினம் ஏறினேன். முகம் தெரியாமலேயே பிடிச்சுப்போச்சு. அதை இழக்கிறதைவிட என் துறை தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

ஆறு வருஷ வேலையில் இப்படி ஒன்றை யாரும் கவனித்துச் சொன்னதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

"மழைச் சத்தத்துல சரியா கேட்கலை," என்றான் அவன்.

நன்றாகவே கேட்டிருக்கும்... அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை கண்ணைப் பார்த்து.