வெள்ளிப் படலத்தின் மறுபக்கம்

சுவரில் விழுந்த சிவப்பு வட்டத்தில் இருக்கக் கூடாத கோடுகள் இருந்தன. மெல்லிய, வளைந்த, ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய கோடுகள்.

டாக்டர் பிலோமின்ராஜுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். எது கெட்டாலும் அதைக் கெடுத்தது ஒரு காரைக்கால்காரனாகத்தான் இருப்பான் என்பது அவருடைய தீர்மானம். பிரான்சில், லியோன் நகரில் ஆறு வருஷம் இயற்பியல் படித்துவிட்டு வந்தவருக்கு இந்த ஊரின் உப்புக்காற்று பிடிக்காது, மீன் நாற்றம் பிடிக்காது, ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று குசலம் விசாரிக்கும் சொந்தக்காரர்களை அறவே பிடிக்காது. அப்பாவின் பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷனில் கட்டிய வீட்டின் பின்னறையில், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்து, பட்டப்பகலிலேயே இருட்டை உண்டாக்கிக்கொண்டு, லேசரின் மின்பெட்டி விடாமல் முனகும் சத்தத்துக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். அது 1984 ஆகஸ்ட். மாதம் முடிவதற்குள் இந்த ஆராய்ச்சியின் அளவுகள் லியோனுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே வேலை நிச்சயம். சேராவிட்டால் சாகும்வரை இந்த ஊர்தான்.

ஆராய்ச்சி இதுதான். ஒரு கண்ணாடிப் பட்டகம், அதன் ஒரு முகத்தில் கண்ணுக்கே பிடிபடாத மெல்லிசில் பூசிய வெள்ளி. வெள்ளிக்கு அந்தப் பக்கம், இறுக மூடிய சிறு தொட்டியில் கடல்நீர். இந்தப் பக்கமிருந்து பாய்ச்சும் லேசர் வெள்ளியில் பட்டுத் திரும்பிச் சுவரில் விழும். தண்ணீர் தொடும் இடம் இருட்டாகவும், வேறு எது தொட்டாலும் அந்த இடம் வெளிச்சமாகவும் தெரியும்படி கோணத்தை வைத்திருந்தார். தொட வேண்டும், அதுதான் நிபந்தனை. மயிரிழையின் இருநூறில் ஒரு பங்கு தள்ளி நின்றால்கூட அந்த ஒளிக்குத் தெரியாது.

"தையல்நாயகி! இங்க வா."

கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே வந்தாள். வீட்டு வேலைக்கு வருபவள், கிளிஞ்சல்மேட்டு மீனவக் குப்பத்துக்காரி. அவள் புருஷன் தர்மலிங்கம் கட்டுமரத்தோடு கடலுக்குப் போய் ஒன்பது நாளாகிறது. மரம் மட்டும் கரை ஒதுங்கியது.

"கண்ணாடியத் தொட்டியா?"

"நான் ஏங்கய்யா தொடுறேன்? நீங்க அந்தத் தண்ணிய கொண்டாந்ததுலேர்ந்து இந்த ரூமு வாசப்படியக்கூட மிதிக்கலீங்க."

கடலில் தொலைந்தவன் உயிரோடோ பிணமாகவோ கரையேறும்வரை அந்தக் குப்பத்தில் யாரும் கடல்நீரை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். நனைந்த வலையைக்கூட மணலிலேயே உலர்த்திவிட்டுத்தான் எடுத்துப்போவார்கள். நாலு நாளைக்கு முன் கேனைக் கொடுத்துத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னபோது தையல்நாயகி இதைச் சொல்லித்தான் மறுத்தாள். "அறிவுகெட்ட ஜனம்" என்று சிரித்துவிட்டு அவரே ஸ்கூட்டரில் போய் மொண்டு வந்தார். கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கெடுமதி கண்ணுக்குத் தோன்றாது என்பார்கள். நம் டாக்டருக்குத் தோன்றியதெல்லாம் அவர்களுடைய அழுக்கு வேட்டிதான்.

இப்போதும் அவர் நம்பவில்லை. மைப்பெட்டியை எடுத்து அவள் கட்டைவிரலை அமுக்கி, தாளில் ஒற்றி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுவரோடு ஒப்பிட்டார். சுவரில் இருந்ததும் ஒரு கட்டைவிரல் ரேகைதான், முறத்தளவுக்குப் பெரிதாக. ஆனால் அவளுடையதல்ல. இதில் சுழி இருந்தது, சுழியின் குறுக்கே ஆழமான ஒரு வெட்டு இருந்தது.

தையல்நாயகி சுவரைப் பார்த்தாள். கலைந்திருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"வந்துட்டீங்களா" என்றாள் சுவரைப் பார்த்து, வீட்டுக்குள் நுழைந்தவரிடம் கேட்பதுபோல. பிறகு டாக்டரிடம் திரும்பினாள். "நங்கூரக் கயிறு அறுத்த தழும்புங்க அது. அய்யா, ஒங்க காலுல வுழுறேன். தண்ணிய கொண்டுபோயி கடல்லயே ஊத்திடுங்க. அவரு வர்ற வழி அதுதாங்க. வழிய மறிச்சு வச்சிருக்கீங்க."

"வெளிய போ."

அவளைத் தள்ளிக் கதவைத் தாழிட்டார். புருஷனை இழந்தவளின் பிதற்றல். ஆனால் படம்! இவ்வளவு துல்லியமான படத்தை லியோனில் ஒருவனும் பார்த்திருக்க மாட்டான். கேமராவை முக்காலியில் பொருத்தினார்.

மூன்றாவது படம் எடுக்கும்போது ரேகை நகர்ந்தது.

மூடிய தொட்டிக்குள், ஒரு துளிகூட அசைய வழியில்லாத தண்ணீருக்குள், கட்டைவிரல் விலகியது. ஆள்காட்டி விரல் வந்து பதிந்தது. அது விலகி நடுவிரல். கண் தெரியாதவன் மூடிய கதவில் தாழ்ப்பாளைத் துழாவுவதுபோல ஒவ்வொரு விரலாக வந்து, வெள்ளியின் ஓரம்வரை தடவித் தடவிப் போய், திரும்பி வந்து, மறுபடி தடவியது. அறைக்குள் ஊறின நைலான் வலையின் வாடை. பிறகு ரேகை இல்லை. பிறை வடிவில் ஒரு நகம்.

சுரண்டியது.

பிலோமின்ராஜ் கேமராவை விட்டுப் பின்வாங்கினார். தண்ணீரை ஒழித்துவிட வேண்டும், இப்போதே. கடல் ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். ஆனால் கேனோடு மறுபடி அந்தக் கரைக்குப் போய், அந்த அழுக்கு வேட்டிகளுக்கு முன்னால், பயந்து திருப்பி ஊற்றுவதா? டாக்டரா? படித்த திமிருக்கு உயிரைவிட மானம் பெரிது. தொட்டியைத் திறந்து தண்ணீரை அறை மூலையிலிருந்த கை கழுவும் தொட்டியில் கொட்டினார். கேனில் மிச்சமிருந்ததையும் கொட்டினார். குழாயைத் திறந்துவிட்டார். பஞ்சால் வெள்ளியை ஒற்றி, விசிறிக் காற்றில் காயவைத்து, பழையபடி பொருத்தினார்.

கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஊத்திட்டீங்களாய்யா?"

"ஊத்திட்டேன். போ."

"எங்கங்க?"

அவர் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதும், கொல்லைப் படலைத் திறந்து ஓடுவதும் கேட்டது.

லேசரைப் போட்டார். தண்ணீர் இல்லை, ஆகவே சுவர் முழுக்க ஒரே வெளிச்சம். அப்பாடா.

வெளிச்சத்தின் நடுவில் கறுப்பாக ஒரு சுழி தோன்றியது.

கறுப்பு என்றால் தண்ணீர். உலர்ந்த வெள்ளியில், ஈர விரல்.

பட்டகத்தின் சிறு தொட்டியைப் பார்த்தார். காலி. மூடிகூட இல்லை. சுவரைப் பார்த்தார். கட்டைவிரல் அழுந்தியது. கோடுகள் தடித்தன. பிறகு மெல்ல விலகியது. ஒரு கோடு. இன்னொரு கோடு. கடைசிக் கோடு.

சுவர் சுத்தமாக இருந்தது.

தொட்டால்தான் தெரியும். இப்போது அந்த விரல் வெள்ளியைத் தொடவில்லை. அவ்வளவுதான் அந்த ஒளிக்குத் தெரியும்.

மின்பெட்டி முனகியது. தரையில் ஒரு சொட்டு. கொஞ்சம் கிட்டத்தில், இன்னொன்று.

அவர் அசையவில்லை. மூச்சு விடவில்லை. மூக்குக் கண்ணாடி வழியே சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேல் மெதுவாகப் பனி படர்ந்தது. பனியில் சுழி விழுந்தது.

சுவரில் அல்ல. மூக்குக் கண்ணாடியில். உள்பக்கம். கண்ணுக்கும் வில்லைக்கும் நடுவே.