தொங்கவிட்டு இறுக்கியவன்!

இரண்டு கால்கள்!

வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. அசைவே இல்லை. பக்கத்தில் சிவப்பாக ஏதோ சிந்தியிருந்தது.

ஷெட்டுக்குள் நுழைந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"அடப்பாவமே... பாடி எவ்வளவு நேரமா இப்படிக் கிடக்கு?"

"பாடிக்கு ஒண்ணும் ஆகலை சார்," என்று கால்கள் பேசின. "அப்பர் ஆர்ம்தான் பிஞ்சிருக்கு!"

இன்ஸ்பெக்டர் ஓரடி பின்னால் குதித்தார். சிவப்பு... ஸ்டீயரிங் ஆயில்!

உருளைப் பலகையில் சறுக்கி வெளியே வந்தாள் அவள். வயது இருபத்தாறு. கன்னத்தில் கிரீஸ். அவள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். மெக்கானிக்கல் பட்டம், டயர் அடுக்குக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதனால் எல்லோரும் அவளை 'டிகிரி' என்று கூப்பிட்டார்கள்.

பாராட்டு இல்லை. நக்கல்!

இன்ஸ்பெக்டர் கையில் ஒரு பெரிய பூட்டும், சீல் வைக்க அரக்கும் இருந்தன. அவருக்குப் பின்னால் வண்டியின் சொந்தக்காரர். வாய் நிறைய பஞ்சு. தொழில், பல் டாக்டர்.

முன்பல் இரண்டைக் காணோம்!

டாக்டருக்குப் பக்கத்தில் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. கூலிங்கிளாஸைத் தலையில் ஏற்றிவிட்டு ஷெட்டை விலைபேச வந்தவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து இவர் வண்டி ஒரு பள்ளத்துல இறங்குச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "முன்சக்கரம் மடங்கிப் படுத்துக்கிச்சு. ஆர்ம் மாட்டினது நீ. கேஸ் உன் மேல. ஷெட்டுக்கு சீல்!"

"மாமா பிழைச்சதே பெருசு சார்!" மச்சான் உச்சுக்கொட்டினான். "நான் அப்பவே சொன்னேன், பொம்பளை கையில ஸ்பானர் குடுக்காதீங்கன்னு."

டிகிரியின் காது சிவந்தது. இந்த ஷெட் அவளுடைய மூன்று வருஷம். சீல் விழுந்தால் அந்தப் பட்டத்தை மாட்டச் சுவர்கூட இருக்காது.

"டாக்டர்! ஆர்ம் வாங்க வந்தன்னிக்கு நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்?"

"மாசாமாசம்... கிரீஸ் அடிப்பீங்களான்னு," என்றார் டாக்டர். பஞ்சு வழியாகக் காற்று முதலில் வந்தது, வார்த்தை பின்னால் வந்தது.

"நீங்க?"

"மாட்டேன்னேன்."

"கேட்டுக்கங்க சார்! இவர் ஆசைப்பட்டபடி வண்டி உயரத்தை மூணு இஞ்ச் தூக்கினா, சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கம்பெனி ஆர்முக்கு எட்டாது. நுனியில இருக்கிற உருண்டை மூட்டு, அதான் பால் ஜாயின்ட், எந்நேரமும் கழுத்தைத் திருகிக்கிட்டே நிக்கும். ஒருநாள் ஒடியும். அதனாலதான் ஸ்பிரிங்ல இடிக்காத சிவப்புக் குழாய் ஆர்ம், கூடுதலாத் திரும்புற பால் ஜாயின்ட்னு பார்த்துப் பார்த்து எடுத்தேன். இன்னொரு முனைக்கு இரும்பு மூட்டும் கிடைக்கும், ரப்பர் வளையம், அதான் புஷ், அதுவும் கிடைக்கும். இரும்பு மூட்டு கிரீஸ் கேக்கும். இவரோ சோம்பேறி! ரப்பர் போட்டேன்."

டாக்டர் தலையாட்டினார்.

"ஆனா இதைப் பாருங்க!"

ஒடிந்த ஆர்மை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினாள். சிவப்பு பெயின்ட் உதிர்ந்தது. உள்ளே... கறுப்பு!

"குழாயே இல்லை. தகடு! பழைய கம்பெனி ஆர்ம். சாக்குல கட்டி டாக்டர் வீட்டுக்கே குடுத்தனுப்பினேன். யாரோ பெயின்ட் அடிச்சுத் திருப்பி மாட்டியிருக்காங்க!"

"யாரோ என்ன யாரோ? நீதான்! புதுசைக் காட்டிட்டு பழசை மாட்டிட்டே!" என்று பாய்ந்தான் மச்சான்.

"நான் இறுக்கின ஒவ்வொரு நட்டு மேலயும் பச்சை நெயில் பாலிஷ்ல கோடு போடுவேன் சார். இதுல கோடே இல்லை."

"அழிஞ்சிருக்கும்!" இன்ஸ்பெக்டர் அரக்கை உருக்க லைட்டரைத் தேடினார்.

டிகிரி ஆர்மைத் திருப்பினாள். ரப்பர் புஷ், பிழிந்த துணிபோல முறுக்கிக் கிழிந்திருந்தது.

அவள் கண்கள் இடுங்கின. குரலில் மட்டும் தேன் சொட்டியது.

"அண்ணே... நீங்க காடுமேடெல்லாம் ஓட்டின ஆளு. இந்த போல்ட்டை எப்படி இறுக்கணும்?"

மச்சானின் மார்பு இரண்டு இஞ்ச் விரிந்தது.

"அப்படிக் கேளு! வண்டியை ஜாக்கில தூக்கணும். சக்கரத்தைக் கழட்டணும். ஆர்மைத் தொங்கவிட்டு, ஸ்பானர்ல பைப்பைச் சொருகி, மூச்சைப் பிடிச்சு இறுக்கணும்!"

"சக்கரம் தரையில உக்காந்தப்புறம்தான் இறுக்கணும்னு புக்குல..."

"புக்கு! தரையில உக்காந்தா ஸ்பானர் எங்க நுழையும்? இடது பக்கம் பேட்டரி இடிக்கும்! இந்த வண்டியில நானே ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டி..."

நிறுத்தினான்.

லைட்டரைத் தேடிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"தொங்கவிட்டு இறுக்கினா, வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கும். இப்படித்தான் கிழியும்!" புஷ்ஷை அவன் மூக்குக்கு நேராக ஆட்டினாள் டிகிரி. "காலேஜ்ல முதல் வருஷமே சொல்லிக்குடுத்துட்டாங்க... அண்ணே!"

டாக்டர் பஞ்சைத் துப்பினார்.

"டேய் மச்சான்! ஏண்டா?"

"மாமா... நீங்க கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தானே ஓட்டுறீங்க? ஸ்பீடு பிரேக்கர்தான் உங்களுக்கு மலை! அவ்வளவு நல்ல ஆர்ம் வீணாப் போகுதேன்னு வயிறு எரிஞ்சுது. நேத்து திடீர்னு வீரம் வந்து பள்ளத்துல இறங்குவீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

"புது ஆர்ம் எங்கடா?" இன்ஸ்பெக்டர் உறுமினார். "எவன் வண்டியில இருந்தாலும் சரி, அவனையும் சேர்த்து உள்ள தள்ளுறேன்!"

மச்சான் மெதுவாக வாசல் பக்கம் பார்த்தான்.

வாசலில் இன்ஸ்பெக்டரின் சொந்த வண்டி நின்றது. டாக்டருடையதைப் போல அதே மாடல். போன வாரம்தான் மூன்று இஞ்ச் தூக்கியது!

"டேய்..." இன்ஸ்பெக்டர் மச்சானின் சட்டையைப் பிடித்தார். "பிறந்தநாள் பரிசுன்னு சொல்லித்தானேடா மாட்டிவிட்டே...?"

டிகிரி டார்ச்சோடு போய்க் குனிந்தாள். ஆர்மோடு கழற்றாமல் வந்த பால் ஜாயின்ட்டைச் சுற்றி நாலு நட்டு.

நாலிலும் பச்சைக் கோடு!

இன்ஸ்பெக்டர் பூட்டைப் பார்த்தார். அரக்கைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார். இப்போது குரலில் புதிதாக ஒரு 'ம்மா' சேர்ந்திருந்தது.

"இப்ப... என்னம்மா பண்றது?"

"பூட்டு கொண்டு வந்திருக்கீங்களே சார், வீணாக்காதீங்க. உங்க வண்டிக்குப் போடுங்க. மச்சானைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடுங்க."

"நடந்தா? நாலு கிலோமீட்டர்மா!"

"உங்க வண்டியிலயும் இவர் தொங்கவிட்டுத்தான் இறுக்கியிருப்பாரு!" டாக்டரின் வாயைச் சுட்டிக்காட்டினாள் டிகிரி. "உங்களுக்கு இன்னும் முப்பத்திரண்டும் பத்திரமா இருக்கு சார்!"