ஆற்றங்கரை நிலையத்தின் பதில்

பட்டியலில் நான்கு நிலையங்கள் தெரிந்தன. அவன் சேர்த்தது மூன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். குடிநீர் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், ஜன்னலே இல்லாத கருவி அறையில், ஏசியின் இரைச்சலும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் மட்டும் துணையிருக்க, நெட்வொர்க் பொறியாளனான அவன் புதுக் கருவியில் கண்காணிப்பை அமைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நீரேற்று நிலையமும் நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று கேபிள் வழியே சொல்ல வேண்டும். மூன்று முறை தவறினால் இங்கே அலாரம் அடிக்கும். நான்காவதாக வந்து 'இருக்கிறேன்' என்றது ஆற்றங்கரை நிலையம். எட்டு மாதங்களுக்கு முன்பே அதை இழுத்து மூடி, கேபிளையும் வெட்டியிருந்தார்கள்.

பழைய பதிவு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அழித்தான். திரும்ப வந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. மனைவி.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அம்மா காலையிலேர்ந்து அழறாங்க. தம்பி அவ்வளவு கவனமில்லாத ஆளா, மாப்பிள்ளைகிட்ட கேட்டுச் சொல்லுன்றாங்க. நான் என்ன சொல்ல?"

"எத்தனை தடவை கேப்பீங்க? அறிக்கையில எழுதியிருக்குல்ல. வை, வேலையிருக்கு."

அந்த விபத்து அறிக்கையை எழுதியதே அவன்தான். மச்சினனுக்கு அந்த நிலையத்தில் வேலை வாங்கிக்கொடுத்தவனும் அவன்தான். விபத்து நடந்த அன்று மதியம், அடிக்கடி பொய்யாக அடித்துத் தொல்லை கொடுத்த அந்த நிலையத்து அலாரத்தின் வாயை இங்கே அவனே அடைத்துவிட்டு, மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். அங்கே குளோரின் கசிந்தது. கதவு சிக்கிக்கொண்டது. மாமா பார்த்துவிடுவார் என்று நம்பி மச்சினன் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருக்கிறான். பதினோரு முறை. அந்தப் பதிவையெல்லாம் அன்றே துடைத்தாயிற்று. செத்தவன் தலையில் பழியைக் கட்டுவது சுலபம். அவன் சாட்சி சொல்ல வரமாட்டான்.

எதிர்முனைக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பினான். போய்வர ஒன்பது மில்லிநொடி. ஆற்றங்கரைத் தொலைவுக்கு ஆகிற நேரம்தான். மறுபடி அனுப்பினான். ஆறு. ஏசிக் காற்றில் இப்போது வேறொரு வாடை, மூக்கைக் குத்தி, கண்ணைக் கரித்து, தொண்டைக்குள் இறங்கியது.

மூன்று.

நெருங்கி வருகிறது.

கேபிளைப் பிடுங்கிவிடலாம் என்று எழுந்தான். பதில் வந்துகொண்டிருந்த போர்ட்டில் கேபிளே இல்லை.

ஒன்று.

"தம்பி... வேணும்னு பண்ணலடா."

அலாரத்தைச் சொன்னானா, அறிக்கையைச் சொன்னானா, அவனுக்கே தெரியவில்லை.

பூஜ்யம்.

ஏசி நின்றது.

கருவி அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே, உள்ளங்கைகூட நுழையாத இடுக்கில், ஒரு முகம் நசுங்கி நின்றிருந்தது. நீலம் பாரித்த உதடு. கடைவாயில் நுரை. கண்கள் அவனைப் பார்க்கவில்லை, திரையைப் படித்துக்கொண்டிருந்தன. வாய் மட்டும், சத்தமே இல்லாமல், நொடிக்கு ஒருமுறை திறந்து திறந்து மூடியது.