லயனலின் பூஜ்யம்

லயனல் பெல்லின் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்தது.

வெரா கோவாச் அதை இரண்டு முறை படித்தாள். மைதானத்துச் சாமான் அறையின் கதவில் கோச் ஹெல்மர் ஒட்டிவைத்த தாள் அது. மோஸ்ஃபீல்டு கரடிகள் அணியின் தடுப்பாளர்கள் எல்லோரும் அதை மொய்த்துக்கொண்டு நின்றார்கள்.

மோஸ்ஃபீல்டில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் ஆட்டம் அல்ல. முட்டை போன்ற பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். பந்தோடு வருபவரைச் சாய்ப்பதுதான் தடுப்பாளர்களின் வேலை. எறியப் போகிறவனை எறியும் முன்பே சாய்த்தால் அது ஓர் அதிரடி. கையிலிருக்கும் பந்தைத் தட்டி விழவைத்தாலும், பறந்து வரும் பந்தைக் குறுக்கே பாய்ந்து பிடித்தாலும் அதிரடிதான். ஆறு ஆட்டங்களில் யார் எத்தனை அதிரடி செய்தார்கள் என்பதை கோச் எண்ணிப் போட்டிருந்தார்.

பட்டியலின் தலையில் வெரா கோவாச், பதினான்கு. கடைசியில் லயனல் பெல், பூஜ்யம்.

"ஒண்ணுகூடவா இல்ல?" என்றான் பிரென்ட். "எனக்கே அஞ்சு இருக்கு. நான் பாதி ஆட்டம் தண்ணி குடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் லயனலைப் பார்த்தார்கள். அணியிலேயே பருமனான பையன் அவன். முன்வரிசையின் நடுவில் நிற்பான். அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பவள் வெரா. அவன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

கோச் ஹெல்மர் பள்ளியில் கணக்கு வாத்தியார். "நான் சொல்லல, நம்பர் சொல்லுது," என்றார். "சனிக்கிழமை பிரைஸ்டன்கூட அரையிறுதி. லயனல், நீ வெளியில உக்காரு. உன் இடத்துல பிரென்ட் ஆடட்டும். வெரா, இனிமே தடுப்புக்கு நீதான் கேப்டன்."

"சரி, கோச்," என்றான் லயனல்.

மறுநாள் பயிற்சிக்கு வெராதான் முதலில் வந்தாள். சாமான் அறைக் கதவின் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே தோள்கவசம், தலைக்கவசம், ஒழுங்காக மடித்த, லயனலின் எழுபத்திரண்டாம் எண் சட்டை. சட்டையைத் துவைத்துக்கூட வைத்திருந்தான்.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். வெளியில் உட்காருவது வேறு. இது வேறு.

பயிற்சி முடிந்ததும் நேராக அவன் வீட்டுக்குப் போனாள். லயனல் வாசலில் மேப்பிள் சருகுகளைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா வரல?"

"எதுக்கு வரணும்?"

"ஒரு ஆட்டம்தானே வெளிய உக்காரச் சொன்னாரு."

லயனல் துடைப்பத்தின் மேல் சாய்ந்து நின்றான். "அது இல்ல வெரா. நான் நல்லா ஆடுறேன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஆறு ஆட்டமும் வீட்டுக்கு வந்து, இன்னிக்கு நல்லா ஆடினேம்மான்னு எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன். ஒண்ணுமே செய்யலன்னு எனக்கே தெரியல பாரு."

வெரா கொஞ்ச நேரம் அவனோடு சேர்ந்து சருகு கூட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வழியில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. லயனலின் அதிரடி ஒன்றை கோச் பார்க்காமல் விட்டிருக்கலாம் இல்லையா? ஒன்றே ஒன்று போதும். பூஜ்யத்தை அழித்து அதில் ஒன்று என்று எழுதினால் லயனல் திரும்பி வந்துவிடுவான்.

சனிக்கிழமைகளில் வெராவின் அம்மாவுக்கு மருத்துவமனையில் வேலை. அவர் பார்க்கட்டும் என்று அப்பா எல்லா ஆட்டங்களையும் மைதானத்துப் படிக்கட்டின் உச்சியில் நின்று செல்போனில் படம் பிடித்துவிடுவார். பல இடங்களில் அவருடைய கட்டைவிரலும் தெரியும். ஆனாலும் மைதானம் முழுவதும் தெரியும்.

"எனக்கு ஆறு ஆட்டமும் வேணும்பா," என்றாள் வெரா.

"ஆறுமா? உன் பதினாலையும் பாக்கணுமா?" அப்பா சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

முதல் ஆட்டத்தில் லயனலை மட்டும் பார்த்தாள். அவன் யாரையும் சாய்க்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. கோச் எண்ணியது சரிதான். வெராவுக்கு அழுகை வந்தது.

நான்காவது ஆட்டத்தில் அவளுடைய பெரிய அதிரடி ஒன்று வந்தது. எறிபவனை வாரிப் போட்டது. அப்பா கத்துவதுகூடக் கேட்டது. ஆனால் வெராவின் கண் இன்னும் லயனலிடம்தான் இருந்தது.

சட்டென்று படத்தை நிறுத்தினாள்.

லயனல்மேல் இரண்டு பேர் விழுந்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் காலை ஊன்றி இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டு நின்றான். அந்த இரண்டில் ஒருவன் வெராவைத் தடுக்க வேண்டியவன். அவன் இங்கே மாட்டிக்கொண்டதால், வெராவுக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. அவள் பாட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

அவள் முதல் ஆட்டத்துக்குத் திரும்பினாள். இந்தமுறை தன் பதினான்கையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். அங்கேயும் லயனல்மேல் இரண்டு பேர். அடுத்ததிலும் இரண்டு. அதற்கடுத்ததிலும்.

விரல்விட்டு எண்ணினாள். பதினான்கில் பதினொன்று அப்படி வந்தவை.

"என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் அப்பா.

"அப்பா, என்னோடது மூணுதான்."

இதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம். அந்த எண்ணமும் அவளுக்கு வராமல் இல்லை. கேப்டன் என்ற சொல் இரண்டு நாளாகக் காதுக்குள் இனித்துக்கொண்டிருந்தது. ஆனால் கண்ணை மூடினால் மடித்து வைத்த சட்டைதான் தெரிந்தது.

மறுநாள் மதியம் கணக்கு வகுப்பறையில் கோச் ஹெல்மர் கடுகு விழுது தடவிய சாண்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெரா செல்போனில் படத்தை ஓடவிட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"நம்பர் பொய் சொல்லாது, வெரா."

"பொய்யின்னு சொல்லல கோச். பந்து எங்க இருக்கோ அங்கயே பாத்து எண்ணியிருக்கீங்க. நானும் அப்படித்தான் பாத்தேன். இதுல பந்தைப் பாக்காதீங்க. எழுபத்திரண்டைப் பாருங்க."

கோச் பார்த்தார். மறுபடி ஓட்டிப் பார்த்தார். நான்காவது படம் ஓடும்போது சாண்ட்விச் பாதி வழியில் அப்படியே நின்றது. அதிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு அவருடைய கழுத்துப்பட்டையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"எல்லாத்துலயும் ரெண்டு பேரா?"

"ஒண்ணுல மூணு பேர்."

"அப்போ உன்னோட பதினாலு?"

"மூணு மட்டும் என்னோடது. மிச்சத்துக்கு அவன்தான் வழி பண்ணிக் குடுத்தான். அவனையே கேப்டனா போட்டுக்கோங்க கோச். முதல்ல அவன் திரும்பி வரணும்."

கோச் படத்தை நிறுத்தினார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷமா கணக்குச் சொல்லித் தரேன். எதை எண்ணணும்னு எனக்கே தெரியாமப் போச்சு."

அன்று சாயங்காலம் லயனல் கதவைத் திறந்தபோது வாசலில் கோச் நின்றார். கையில் அந்தப் பை. பின்னால் வெரா.

"லயனல், நான் தப்பு பண்ணிட்டேன்," என்றார் கோச்.

 கோச் எந்தப் பையனிடமும் அப்படிச் சொல்லி லயனல் கேட்டதில்லை. மூவரும் சமையலறை மேசையருகே உட்கார்ந்து அந்தப் பதினொன்றையும் பார்த்தார்கள். லயனலின் அம்மா நின்றபடியே பார்த்தார்.

"நல்லா ஆடினேன்னு சொன்னேன்லம்மா," என்றான் லயனல் மெதுவாக.

"இந்தா, போட்டுக்கோ," கோச் பையை நீட்டினார். "கேப்டனும் நீதான்."

லயனல் பதறிவிட்டான். "கேப்டன்னா நடுவர்கிட்டப் போய்ப் பேசணும், கை குலுக்கணும். அதெல்லாம் என்னால முடியாது கோச். அவளே பேசட்டும். அவளுக்குப் பேச்சு நல்லா வரும்."

சனிக்கிழமை மைதானம் நிரம்பியிருந்தது. பிரைஸ்டன் பையன்கள் ஒவ்வொருவரும் மரக்கட்டை மாதிரி இருந்தார்கள். முதல் பாதியிலேயே வெரா நான்கு முறை மண்ணைக் கவ்வினாள். கடைசி நிமிடத்தில் மோஸ்ஃபீல்டு பதினான்கு, பிரைஸ்டன் பன்னிரண்டு. பந்து பிரைஸ்டனிடம். எல்லைக்கோட்டைத் தொட்டால் அவர்களுக்கு வெற்றி; இன்னும் ஐந்தே கஜம். ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம் பாக்கி.

"எழுபத்திரண்டை விடாதீங்க, அவன்தான், அவனைப் பிடிங்க," என்று பிரைஸ்டன் கோச் ஓரத்திலிருந்து அலறினார்.

பந்து நகர்ந்தது. லயனல்மேல் ஒருவன் விழுந்தான். இரண்டாமவன் விழுந்தான். மூன்றாமவனும் வந்து மோதினான். லயனல் உறுமிக்கொண்டே மூவரையும் தாங்கினான்.

எறிபவன் பந்தோடு பின்னால் நகர்ந்து நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. எதிரே வெரா. அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

அவன் கையை ஓங்குவதற்குள் அவள் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துச் சாய்த்தாள். இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள். விசில் ஒலித்தது. மோஸ்ஃபீல்டு பக்கம் படிக்கட்டே அதிர்ந்தது.

வெரா எழுந்து திரும்பி ஓடினாள். நடு மைதானத்தில் மூன்று பிரைஸ்டன் பையன்கள் குவியலாகக் கிடந்தார்கள். அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வெரா அந்தக் கையைப் பிடித்தாள். "ஜெயிச்சுட்டோம்டா. எழுந்திரு."

"நான் எழுந்திருக்கறது இருக்கட்டும்," என்றது அடியிலிருந்து ஒரு குரல். "முதல்ல இவங்களை எழுந்திருக்கச் சொல்லு."